தடிக்காத கையும் உங்கள் தங்கையும்

என்றும் மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

படியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதிலிருந்து அவளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அதிலிருந்து கழிவறைக்கும் யாராவது தூக்கித்தான் மாற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த யாராவது நானாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் ஆயுசு முழுக்கத் தையல் மெஷின் முன் உட்கார்ந்தே இருந்தவன் நான், கத்தரிக்கோலைவிடக் கனமாக எதையும் தூக்கிப் பழக்கமில்லை. முதல் தடவை தூக்கப் போய், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருவரும் மாட்டிக்கொண்டு, மாடி வீட்டு லாரி டிரைவர் ஓடிவந்து எங்களை ஒவ்வொருவராக எடுத்து வெளியே வைத்தார். அன்றிலிருந்து அவர்தான் வருகிறார். நல்ல மனிதர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, உங்கள் தங்கை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு வருகிறாள். கேட்டால் தாகமில்லை என்கிறாள். இதைப் பார்த்துக்கொண்டு எனக்கு எப்படிச் சோறு இறங்கும், நீங்களே சொல்லுங்கள்.

சரி என்று வெட்கத்தை விட்டுத் தெருமுனை ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே பயிற்சி தருகிற பெண்ணுக்கு என் மகள் வயசுகூட இருக்காது. ஒரு மணல் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னாள். முதலில் மூட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிறகு அதைவிடக் கனமான மூட்டை, அப்புறம் அதைவிடவும் கனம் என்று மாற்றிக்கொண்டே போனாள், நானும் எழுந்துகொண்டுதான் இருந்தேன், ஆனால் எழுந்து என்ன பிரயோஜனம்? தையற்காரன் டேப்பைத்தானே நம்புவான். தினமும் காலையில் புஜத்தை அளக்கிறேன், சேர்ந்த அன்று இருந்த அதே அளவு, ஒரு நூல்கூடக் கூடவில்லை. இதில் அவமானம் என்னவென்றால், எப்படியும் தடிக்கப்போகிறதே என்று முன்கூட்டியே கைப்பகுதியை அகலமாக வெட்டி அரை டஜன் சட்டை தைத்து வைத்துவிட்டேன். போட்டுக்கொண்டு நின்றால் கொடியில் காயப்போட்ட மாதிரி இருக்கிறது.

நேற்று அந்தப் பெண்ணிடம் மனம்விட்டுக் கேட்டுவிட்டேன். அவள் சொன்னாள்: “முதல்ல நரம்புதான் சார் கத்துக்கும். உங்க தசையில பாதி இத்தனை நாளும் வேலைக்கே வரல, ஏன்னா யாரும் கூப்பிடல. இப்பதான் நரம்பு கூப்பிடப் பழகுது. எல்லாம் ஒண்ணா வர ஆரம்பிச்சா பலம் கூடிடும். கை தடிக்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.” அதுமட்டுமில்லை, ஒரு பக்கத் தசை தூக்கும்போது எதிர்ப்பக்கத் தசை விறைத்துக்கொண்டு முட்டுக்கட்டை போடுமாம், போகப்போகத்தான் விட்டுக்கொடுக்கப் பழகுமாம். கல்யாணமான புதிதில் நான் பழகியதை என் தசை இப்போதுதான் பழகுகிறது போலிருக்கிறது. டேப்பில் விழாத பலம் என்று ஒன்றைச் சொல்லி என்னைத் தேற்றுகிறாள், அவ்வளவுதான். துணி வெட்டவே ஆரம்பிக்காமல் ‘பட்டன் மட்டும்தான் பாக்கி’ என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் மச்சான், நான் தோற்றுவிட்டேன். நீங்கள் முன்பே சொன்னபடி அவளை உங்கள் வீட்டுக்கே அழைத்துப் போங்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு கை கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்புங்கள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லாரும் தேகபலத்தோடு இருக்க வேண்டும், முக்கியமாக ஞாயிற்றுக்கிழமை.

இப்படிக்கு,
கையாலாகாத,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டக் கோந்து தேடிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். எங்கே வைத்தேன் என்ற யோசனையிலேயே போய், அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, அவள் கால்களையும் எடுத்து நாற்காலியின் கால்பலகைமேல் வைத்துவிட்டேன். லாரி டிரைவருக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, அறையில் அவர் இல்லை. அவளும் அப்போதுதான் கவனித்தாள். இருவருக்கும் நம்பிக்கை வராமல், சரிபார்க்க மறுபடியும் தூக்கினேன். மூச்சு வாங்கியது, முழங்கால் முனகியது, ஆனால் நின்றேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “உடனே இறக்கிடாதீங்க” என்றாள். அவளுடைய அண்ணனுக்கு இதற்குமேல் எழுதுவது முறையில்லை. வேன் வேண்டாம்.