வேகம் போதாத பில்டர்

"ரீடிங் இன்னும் லேட்டாதான் வருது சார்" என்று ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தோஷ் போனில் சொன்னபோது, ராபின் வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஜீப்பை ஓரங்கட்டியிருந்தார். அந்த வளைவில்தான் சிக்னல் கிடைத்தது. தங்கை மகன் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்குப் போகிற வழி. பக்கத்தில் மனைவி ஜூலியா, மடியில் கேக் பெட்டியோடு.

ராபின் பெங்களூரில் ஒரு குவாண்டம் ஆய்வுக்கூடத்தில் மூத்த வடிவமைப்பாளர். கடுங்குளிரில் வைத்த சிப்பில் உள்ள க்யூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு, பூஜ்யமா, ஒன்றா என்பதை மைக்ரோவேவ் அலையை அனுப்பித்தான் படிப்பார்கள். அலை சட்டென்று வெளியே வர வேண்டும். ஆனால் அதே வழியாக க்யூபிட்டின் சக்தி கசிந்துவிடக் கூடாது. முன்னதை வெளியே விட்டுப் பின்னதைத் தடுப்பதுதான் அந்தச் சிப்பிலேயே பொறித்திருக்கும் பில்டர் என்ற வடிகட்டியின் வேலை. அதை வடிவமைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ராபின் உறுதியாக நம்பினார்.

இந்த முறை அந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்த எழில்மதிக்குக் கொடுத்துவிட்டார்கள். அது அவருக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. இன்று சோதனை.

"வழிய ரொம்பக் குறுகலா வச்சிருக்கும் அந்தப் பொண்ணு. நீ பவரை ஏத்து" என்றார்.

சந்தோஷ் தியாகதுருகத்துக்காரன், ராபின் சிபாரிசில் சேர்ந்தவன். மறுபேச்சில்லாமல் ஏற்றினான். அலை வேகமாக வரவில்லை; க்யூபிட்தான் மிரண்டுபோய் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்தது. ராபின் அசரவில்லை. படிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார். இப்போது எது பூஜ்யம், எது ஒன்று என்றே தெரியவில்லை. அலைவரிசையைத் தள்ளிவைக்கச் சொன்னார். இருந்த கொஞ்சநஞ்ச வித்தியாசமும் மறைந்தது.

ஒவ்வொரு செய்திக்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"இன்னாங்க, அந்தத் தம்பி கெட்டுப்போவுதுன்னு சொல்லிக்கினு இருக்குது, நீங்க சிரிக்கிறீங்க?" என்றாள் ஜூலியா.

"நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டாங்க?"

விருந்துக்கு நேரமாகிறது, க்ரீம் உருகுகிறது என்று அவள் முறையிட்டாள். அவரோ அங்கிருந்தே இயக்குநரின் வீடியோ கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

தன் கணக்குக்கும் இந்த எண்களுக்கும் கொஞ்சமும் பொருந்தவில்லை என்று எழில்மதி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கணக்கு பேப்பர்ல நல்லாத்தாம்மா இருக்கும். பில்டரு குளிர்ல நிக்கணும்" என்றார் ராபின். பிறகு அந்தப் பில்டரைத் துண்டு துண்டாகப் பிரித்து மேய்ந்தார். அகலம் தப்பு, இணைப்பு தப்பு. இதைச் செய்த ஆளுக்கு அடிப்படையே விளங்கவில்லை. ஓராண்டுக்கு எந்த வடிவமைப்பையும் அந்தக் கையில் கொடுக்கக் கூடாது.

இயக்குநர் யோசித்துவிட்டு, அவர் சொன்னது நியாயம்தான் என்றார். இந்தப் பில்டரைச் செய்தவருக்கு ஓராண்டு வடிவமைப்பு வேலை கிடையாது என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார். எழில்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

ராபின் பெருந்தன்மையோடு கண்ணாடியைத் துடைத்தார். "சந்தோஷு, அந்தச் சிப்பை வெளிய எடுத்து, மேடம் பேரை எழுதி ஒரு டப்பாவுல போட்டு வை."

"மேடம் சிப்பு இன்னும் டப்பாவுலதாங்க சார் கீது. ஒயரு ஒண்ணு வுட்டுப்போச்சு. இப்ப உள்ளார போட்டுக்கீறது போன வருஷம் நீங்க பண்ணதுங்க."