ஏழு தையல் மெஷின்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

போரில் உடல் உறுப்பு இழந்தோர் நலச்சங்கத்தின் காலாண்டிதழில், பதினோராம் பக்கத்தில், கண்ணீரை ஊசியில் கோத்துத் தைத்துக்கொண்டிருந்த பெண்மணி வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் நலமும் சங்கத்தார் அனைவர் நலமும் அறிய ஆவல். நாங்கள் நலமாகவே இருக்கிறோம், கட்டுரையில்தான் அப்படி இல்லை. இதை மூன்று மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார வீட்டில் இடம் இல்லாமல் போய்விட்டது. அந்த இடப் பிரச்சினை பற்றியதுதான் இந்தக் கடிதமும்.

எனக்குத் தையல் தெரியாது, ஐயா. உங்கள் நிருபர் வந்தபோது நான் மகளின் சட்டைக்கு ஒரு பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இரண்டு வயது. வீட்டில் அறுந்து விழுகிற எதுவும் நேரே அவள் வாய்க்குத்தான் போகும் என்பதால், ஒரு பொத்தான் தளர்ந்தாலே விட்டுவைக்க மாட்டேன். நான் தலை நிமிராமல் தைத்ததை அவர் 'குடும்பப் பாரத்தை ஊசிமுனையில் தாங்கும் மௌனம்' என்று எழுதிவிட்டார். சட்டையை நான் உடுத்தியிருந்த சேலையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன், அதனால்தான் நிமிரவில்லை. அவர் கிளம்பும்போது எழுந்து நிற்கவும் முடியவில்லை. அதையும் 'வழியனுப்பக்கூட நேரமில்லாத உழைப்பு' என்று போட்டிருக்கிறார். நான் விலங்கியல் பட்டதாரி. தவளையை அறுத்திருக்கிறேன், எதையும் தைத்ததில்லை. உங்களுக்கு என்ன தேவை என்று அவர் கேட்டபோது நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க என் கணவரை நாற்காலியை விட்டுக் கிளப்ப ஓர் ஆள் வேண்டும் என்று. அது அச்சாகவில்லை. 'இவரிடம் ஒரு தையல் மெஷின் மட்டும் இருந்தால்?' என்ற கேள்வியோடு கட்டுரை முடிந்துவிட்டது.

என் கணவர் ராணுவத்தில் வண்டி பழுது பார்த்தவர். கூட இருந்தவர்கள் அவரை 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் வீடு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வந்த நாள் முதல் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கம் இரண்டு முறை தேதி கொடுத்தும் போகவில்லை. "கால வச்சுக்கிட்டு எங்க போகணும்?" என்பார். "கடைக்குப் போலாம்ல" என்பேன். "அதான் நீ போறியே" என்பார். நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன். மூன்றாவது தேதியும் தவறினால் எங்கள் முறை அடுத்தவருக்குப் போய்விடும் என்று செயலாளராகத் தாங்களே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

இந்த நிலையில்தான் கட்டுரையைப் படித்தவர்களிடமிருந்து மெஷின்கள் வரத் தொடங்கின. முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, அப்புறம் ஒரே நாளில் மூன்று, எல்லாம் இரும்பு, எங்களுக்கோ மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "ஏம்மா, கம்பெனி ஏதும் வச்சிருக்கீங்களா, ஒரே சத்தமா இருக்கே" என்றார். "ஒண்ணுகூட ஓடலையே சார்" என்றேன். "ஓடுற சத்தம் இல்லம்மா, எறக்கி வைக்கிற சத்தம்" என்றார். ஏழாவது மெஷினை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தானே கூட வந்து இறக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒரு தையல் போட்டுக் காட்டும்மா, பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். நான் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினேன், அது அசையவில்லை. "நாப்பது வருஷமா பரண்லயே இருந்தது, யாரையும் தொடவிட்டதில்ல" என்றார் பெருமையாக. அப்போதுதான் ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. "எண்ணெய் இறுகிப்போயிருக்கு. அத இப்படி நகர்த்துங்க." மற்ற ஆறும் அதே கதைதான். ஓடுகிற மெஷினை யார் ஐயா தானம் செய்வார்கள்?

அன்றிலிருந்து வீடு பட்டறை ஆகிவிட்டது. ஒன்றின் வயிற்றைப் பிரித்து இன்னொன்றில் வைக்கிறார். சாப்பாட்டுத் தட்டில் திருகாணி கிடக்கிறது, மகளின் கன்னத்தில் கிரீஸ். நான் ஏழு ஊசிகளையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைத்து, வேளைக்கு ஒருமுறை எண்ணி வந்தேன். ஒரு நாள் மத்தியானம் ஆறுதான் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைத் தூக்கிப் பிடித்து, "ஊசி ஒண்ணும் இல்ல, நாலு பட்டாணி மாதிரி என்னமோ தெரியுது" என்றார். அது பட்டாணிதான். வீடு வந்தால் ஊசி அவர் சட்டைக் காலரில் இருக்கிறது. எண்ணெய்த் துளையைக் குத்திச் சுத்தம் செய்ய எடுத்தாராம். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றார். "நீங்க பதில் சொல்வீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

இப்போது பாபின் கேஸ் என்று, அடிநூல் உருளையை வைக்கிற ஒரு சாமான் வேண்டுமாம். இரண்டு முறை வாங்கி வந்தேன், இரண்டும் தவறு. "ரெண்டும் உனக்கு ஒரே மாதிரியா தெரியுது?" என்றார். "ரெண்டும் வட்டமாத்தான இருக்கு." அவர் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, "அந்தக் கடைக்கு எத்தன படி?" என்று கேட்டார். நான்கு என்றேன். அவர் மறுபடி மெஷின் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆகவே ஐயா, இதழின் ஆசிரியரும் சங்கத்தின் செயலாளரும் தாங்களே என்பதால் மூன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். எனக்குத் தையல் தெரியாது என்று அடுத்த இதழில் ஒரு மறுப்பு போட வேண்டும். மெஷின்களை எடுத்துப் போக வண்டி அனுப்ப வேண்டும். வருகிற புதன்கிழமை அளவு எடுக்கும் தேதியை இன்னும் ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டும். ஏனென்றால் அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சங்கத்தார் எல்லோரும் சௌக்கியமாக இருக்கட்டும். நிருபர் தம்பி மேன்மேலும் இரங்கட்டும், முதலில் விசாரித்துவிட்டு.

இப்படிக்கு,
பதினோராம் பக்கம்

பின்குறிப்பு: இதை எழுதி முடித்துவிட்டு மூன்றாம் முறையாகக் கடைக்குப் போய் வந்தேன். வாங்கி வந்ததை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன்ன நம்பி இனிமே பிரயோஜனமில்ல. அளவெடுக்கிறது புதனா, வியாழனா?" என்றார். எனவே தேதியைத் தள்ளிவைக்க வேண்டாம், புதன்கிழமை வருகிறோம். வண்டி வேண்டாம். மறுப்பும் வேண்டாம், நான் தைப்பதாகவே இருக்கட்டும். இன்னும் யாராவது மெஷின் தர விரும்பினால், ஓடாததாகப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். ஓடுவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம். இன்னொன்று, கடைக்காரர் இந்த முறை சரியானதைத்தான் எடுத்து நீட்டினார். நான்தான் அதற்குப் பக்கத்தில் இருந்ததைக் கேட்டு வாங்கினேன். இந்தக் கடைசி இரண்டு வரியை மட்டும் எங்கும் அச்சிட்டுவிட வேண்டாம், உங்கள் இதழ் எங்கள் வீட்டுக்கும் வருகிறது.