இரண்டு புத்தகங்களும் ஒரு கழிப்பறைக் கதவும்

ஒத்துப்பார்ப்பவர் என்றொரு பிராணி உண்டு. மழையே பெய்தாலும் இரண்டு காகிதங்கள் ஒரே மாதிரி சொன்னால்தான் நனைவார். எங்கள் சமோவாவில் அந்த இனத்தின் முற்றிய மாதிரி பெலெனாத்தோ. கட்டட ஒப்பந்தங்களை மேற்பார்வையிடுபவர். இடது கக்கத்தில் ஒப்பந்தம், வலது கக்கத்தில் தேசியக் கட்டட விதிகள். கைகுலுக்க முழங்கையைத்தான் நீட்டுவார். மணல் வந்து இறங்கினால் மணலைப் பார்க்க மாட்டார். ஒப்பந்தத்தில் மணல் பக்கத்தைப் பார்ப்பார், அதே மணல் விதிகளிலும் இருக்கிறதா என்று தேடுவார், இருந்தால் சோர்ந்துபோவார். இல்லையென்றால் பரமானந்தம்.

எங்கள் ஊர் மருத்துவ நிலையம் வெள்ளிக்கிழமை திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிறைமாதப் பெண்கள் மறுபடியும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் குலுங்க வேண்டும் என்பது நர்ஸ் வாவோசாவின் கவலை. பாக்கி ஒரே ஒரு கழிப்பறைக் கதவுதான். ஒப்பந்த வரைபடத்தில் அது உள்ளே திறந்தது. விதிகளில் வெளியே திறந்தது. பெலெனாத்தோவின் முகத்தில் சூரியன் உதித்தது.

கீலை மாற்றிப்போட அரை மணி நேரம் போதும் என்றார் தச்சர் தானியேலு. போதுமா? அதற்கு எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும், வாயால் சொன்னால் செல்லாது என்றார் பெலெனாத்தோ. உத்தரவு வேண்டுமென்று தச்சர் கேட்க வேண்டும். கேட்கச் சொல்லி அவருக்குப் பெலெனாத்தோ கடிதம் எழுத வேண்டும். எழுத இடமிருக்கிறதா என்று இரண்டு புத்தகங்களிலும் பார்க்க வேண்டும். அதுவரை கதவைக் கழற்றி வைக்கச் சொன்னார். இல்லாத கதவு எந்தப் புத்தகத்தையும் மீறாதல்லவா?

"எங்க சமோவா வீட்டுக்குத் தூணும் கூரையும்தான், சுவரே கிடையாது, சார். நாங்க எந்தப் பக்கத்துல வர்றோம்?" என்றார் தானியேலு.

பெலெனாத்தோ புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே.

வெள்ளி வந்தது. கையெழுத்து வரவில்லை. திறப்பு விழாவுக்கு மகளிர் குழு சமைத்ததை வீணாக்க முடியுமா? தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையைப் பெலெனாத்தோ மூன்று தட்டு சாப்பிட்டார். அதற்கு மட்டும் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. சற்று நேரத்தில் நெற்றி வியர்த்தது. கால்கள் ஒன்றையொன்று ஒத்துப்பார்த்தன.

அருகில் இருந்த கழிப்பறை அது ஒன்றுதான். கதவில்லாத நிலைச்சட்டம் வாய் பிளந்து நின்றது. எதிரே ஊரே பந்தியில்.

வாவோசா ஒரு பாயோடும் நான்கு பெண்களோடும் வந்தாள்.

"பாயை உள்பக்கமா விலக்கணுமா, வெளிப்பக்கமா, சார்? எழுதிக் குடுத்தா மறைவாப் புடிச்சுக்கிறோம்."

"வெளிப்பக்கம்மா, வெளிப்பக்கம்."

"வாயால சொன்னா செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தானியேலு குனிந்து முதுகைக் கொடுத்தார். அதன்மேல் வைத்துத்தான் உத்தரவு எழுதப்பட்டது. கதவு வெளியே திறக்கலாம். இன்றே நிலையமும் திறக்கலாம் என்று இன்னொரு வரி சேர்க்கச் சொன்னாள் வாவோசா. சேர்த்தார்.

அவர் உள்ளே இருக்கும்போதே தானியேலு கதவை மாட்டி முடித்தார்.

சிரிக்காதீர்கள். ஆள் உள்ளே இருக்கையில் கதவு மாட்டலாமா, அதற்கு விதி உண்டா என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியிருந்தால், கக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஏதாவது தட்டுப்படும்.