ரயிலில் வந்து இறங்கியது யார்?

இலண்டனில் அன்டெனா அண்ணையின் கேள்விகளிலிருந்து தப்பிய தமிழர்கள் இரண்டே வகைதான். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் ஒரு வகை. செத்துப்போனவர்கள் மறு வகை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட என்னைப் போன்றவர்களுக்கு விமோசனமே கிடையாது.

நோர்பரியில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், ஒரு கம்பளக் கடைக்கும் நாய்த் தீனி விற்கிற கடைக்கும் நடுவில் ஒரு டயாலிசிஸ் நிலையம் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்குப் போய்க் கதிரையில் சாய்ந்தால், கையில் இரண்டு ஊசியைக் குத்தி, உடம்பிலுள்ள இரத்தத்தை எல்லாம் இயந்திரத்தில் சுற்றவிட்டுக் கழுவித் தருவார்கள். நான்கு மணி நேரம். எழும்பி ஓட முடியாது. காதைப் பொத்தலாம் என்றால் ஒரு கைதான் சும்மா இருக்கும். ஒற்றைக் கையால் இரண்டு காதையும் பொத்துகிற வித்தையை இரண்டு வருடம் முயன்றும் என்னால் கற்றுக்கொள்ள முடியவில்லை.

என் பக்கத்துக் கதிரை அன்டெனா அண்ணையுடையது.

நான் முதல் நாள் போனபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடம் இந்த ஊரில் இரட்டைத் தட்டு பஸ் ஓட்டியவன். சிறுநீரக வருத்தம் வந்ததும் பஸ் போயிற்று, சம்பளம் போயிற்று, பிறகு தேத்தண்ணீரும் போயிற்று. ஒரு நாளைக்கு இத்தனை கோப்பை திரவம்தான் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். இனி என்ன இருக்கிறது என்று கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். ஒரு துளி கண்ணீர் வருமாப்போல் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"தம்பி யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"நல்லது. ஷெரீப்பின்ரை குதிரைக்கு என்ன பேர்?"

"எந்த ஷெரீப்?"

"அப்ப உமக்குத் தெரியாது. சைபர்."

திரும்பிப் பார்த்தேன். எழுபது வயது கடந்த மெலிந்த மனிதர். காதை மூடிய கம்பளித் தொப்பி, இரண்டு ஸ்வெட்டர், அவற்றுக்கு மேலே கழுத்தை இறுக்கி ஒரு சிவப்பு டை. இரத்தம் கழுவ எதற்கு டை என்று பிறகொரு நாள் கேட்டேன். "கேள்வி கேக்கிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?" என்றார்.

அவருக்கு உலகத்தில் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். நாற்பது வருடத்துக்கு முந்திக் கொழும்பிலிருந்து ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள். குதிரையில் திரிகிற ஷெரீப்புகள், துப்பறிவாளர்கள், நாளுக்கொரு நோயாளியோடு சண்டை பிடிக்கிற டாக்டர்கள். அவர்களைப் பற்றி ஒரு அமர்வுக்கு முப்பது கேள்வி கேட்பார். எனக்குத் தமிழில். எதிர்க் கதிரையில் இருந்த டொரீன் என்ற வெள்ளைக்காரக் கிழவிக்கு, மூக்கால் பேசுகிற ஒரு அமெரிக்க ஆங்கிலத்தில். டொரீனுக்குக் காது கேட்காது. எந்தக் கேள்விக்கும் "குதிரை!" என்று கத்துவார். மூன்றில் ஒன்று சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால் இரண்டு வருடமும் முதலிடம் டொரீனுக்குத்தான். நான் கடைசி. போட்டியில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தடவை அண்ணை பிரஷர் விழுந்து மயங்கிவிட்டார். கிரேஸ் என்ற தாதி ஓடி வந்து காலை உயர்த்தி, கன்னத்தில் தட்டி, ஒரு வழியாக எழுப்பினாள். கண்ணைத் திறந்தவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சுது. மறுமொழி என்ன?" என்றார்.

இன்னொரு தடவை வயதானவர்களின் ஞாபகசக்தியைச் சோதிக்க ஒரு இளம் டாக்டர் கடதாசியோடு வந்தார். இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன மாதம், நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டார். அண்ணை எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டு, "இப்ப என்ரை முறை" என்று தொடங்கினார். பத்துக் கேள்வி. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணை கிரேஸைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளையின்ரை மூளையை ஒருக்கால் படம் எடுத்துப் பாருங்கோ. சின்ன வயது, பாவம்" என்றார்.

இதையெல்லாம் இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஊசி. மற்ற நாட்களில் களைப்பு. சிறுநீரகம் மாற்றுவதற்கான வரிசையில் என் பெயர் எங்கே நிற்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழும்பவில்லை. இனிப் போறதில்லை என்று என் மனைவி வதனியிடம் சொன்னேன். அவள் அழுதாள், ஏசினாள், சாமிப் படத்துக்கு முன்னால் போய் இருந்தாள். கிரேஸ் மூன்று தடவை அழைத்தாள். நான் எடுக்கவில்லை. போகாவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் படுத்திருந்தேன்.

பின்னேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. வதனி அதை என் காதோடு வைத்து அமர்த்தினாள்.

"தம்பி, கேள்வி ஒண்டு."

"அண்ணை, தயவுசெய்து விடுங்கோ."

"ஷெரீப்பின்ரை மனிசி பட்டணத்துக்குப் போட்டா. ஷெரீப் கிழமைக்கு ஒருக்கால் தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு ஸ்டேசனிலை நிக்கிறான். கடைசிப் பாகம். ரயில் வந்து நிக்குது. ஆர் இறங்கினது?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதெண்டு எனக்குத் தெரியும். மறுமொழி திங்கக்கிழமை சொல்லுவன். கதிரையிலை வந்து இருக்கிற ஆளுக்குத்தான் சொல்லுவன்."

டக்கென்று வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. சாகக்கிடக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? சனிக்கிழமை முழுக்க மனதுக்குள் அவரை ஏசினேன். ஞாயிற்றுக்கிழமை மூச்சு இழுத்தபோதும் ஏசினேன். இடையிடையே, மனைவிதான் இறங்கியிருப்பாளோ என்றும் ஒரு யோசனை வந்தது. திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு, வீங்கின காலோடு கதிரையில் போய் இருந்தேன்.

"ஆர் இறங்கினது?"

"மனிசிதான்," என்றார் அண்ணை. "பச்சைச் சட்டை. கையிலை ஒரு கிளிக் கூடு."

கிளிக் கூடு எனக்கு இடித்தது. சும்மா இருந்த கையால் தொலைபேசியை எடுத்துத் தேடினேன். அந்தப் பழைய தொடர்களின் கதைச் சுருக்கங்களை யாரோ பாகம் பாகமாக எழுதி வைத்திருந்தார்கள். ஷெரீப் தொடரின் கடைசிப் பாகத்துக்கு மட்டும் சுருக்கம் இல்லை. மற்றவை போதுமாக இருந்தன. அண்ணை இரண்டு வருடமாகச் சரி என்று சொன்ன பதில்களில் பாதிக்கு மேல் பிழை. குதிரையின் பெயர் பிழை. டாக்டர் தொடரில் செத்துப்போனதாக அவர் சொன்ன தாதி சாகவேயில்லை. துப்பறிவாளருக்கு மாமியாரே கிடையாது.

அண்ணை எனக்குப் போட்ட சைபர்களுக்கெல்லாம் சேர்த்துப் பழி வாங்கினேன். ஒவ்வொன்றாக, உரத்த குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். "பிழை அண்ணை. இதுவும் பிழை. இதுவும்." டொரீன் ஒன்றும் விளங்காமல் "குதிரை!" என்றார்.

அண்ணை தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு கிழமை அவர் வாயே திறக்கவில்லை. நான்கு மணி நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்பதை அப்போதுதான் அறிந்தேன். இயந்திரங்களின் முனகலைத் தவிர வேறு சத்தம் இல்லை. கூரையில் எத்தனை சதுரம் என்று எண்ணினேன். இரண்டாம் கிழமை டை கட்டாமல் வந்தார். கிரேஸ் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அண்ணை, நான் செய்தது பிழை," என்றேன்.

தொப்பியை மேலே தள்ளிவிட்டுச் சொன்னார். "உம்மிலை பிழை இல்லை. நான் ஒரு கதையும் முழுக்கப் பாத்ததில்லை."

யாழ்ப்பாணத்தில் அவருக்கு டிவி திருத்துகிற கடை இருந்திருக்கிறது. கூரையில் ஏறி அன்டெனா பூட்டிக் கொடுப்பதும் அவர்தான். சொந்தமாக டிவி இல்லை. திருத்த வந்த பெட்டியில்தான் படம் பார்ப்பது. புள்ளி புள்ளியாகத் தெரிகிற படத்தை முறுக்கி, தட்டி, ஒரு வழியாகத் தெளிய வைத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கும்போது பெட்டியின் சொந்தக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"நான் நல்ல மெக்கானிக், தம்பி. அதுதான் வந்த வினை. கெட்ட மெக்கானிக் எண்டால் எல்லாத்தையும் முழுக்கப் பாத்திருப்பன்."

"ரயில்?"

"ரயில் வந்து நிண்டுது. கதவு திறந்துது. படியிலை ஒரு கால் வைச்சது. அந்த நேரம் பாத்து ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருத்தர் வந்து, 'சரியாப் போச்சுதே?' எண்டு கேட்டு வயரைப் பிடுங்கினார். கொஞ்சக் காலத்திலை கடைக்கு ஷெல் விழுந்துது. இஞ்சை வந்து இருபத்தாறு வரியம் பெற்றோல் ஷெட்டிலை பின்னேர ஷிப்ட். எனக்கு ஆர் கதை சொல்லுறது? தனி ஆள். முடிவு இல்லாமல் எப்பிடி நித்திரை கொள்ளுறது? மிச்சத்தை நானே யோசிச்சு முடிச்சுப்போட்டன்."

"கடைசிப் பாகத்தைத் தேடித் தரட்டோ?"

"வேண்டாம்," என்றார் அவசரமாக. "கேள்வி ஒண்டு. துப்பறிவாளரின்ரை மாமியாருக்கு என்ன பேர்?"

மாமியாரே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யோசித்து ஒரு பெயர் சொன்னேன். சைபர் போட்டார். அடுத்த முறை டை திரும்பி வந்தது.

வேண்டாம் என்று சொன்னது அவருக்கு. எனக்கு ஆவல் அடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வதனியும் நானும் அந்தக் கடைசிப் பாகத்தைக் கண்டுபிடித்துப் பார்த்தோம். ரயில் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. இறங்குகிறவன் ஒரு தபால்காரன். ஷெரீப்பின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறான். ஷெரீப் வாசித்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு தனியே நடந்து போகிறார். அவ்வளவுதான்.

வதனி மூக்கைத் துடைத்தாள். "இஞ்சருங்கோ, இதை அந்த மனிசனிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

அந்தக் குளிர்காலத்தில் அண்ணையின் இருதயம் பழுதாகிவிட்டது. இயந்திரத்தை இனி உடம்பு தாங்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, டயாலிசிஸை நிறுத்தினார்கள். நிறுத்தினால் சில நாட்கள்தான். அவருக்கும் அது தெரியும். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சட்டையில், தொப்பியும் டையும் இல்லாமல், யாரோ போலக் கிடந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"தம்பி," என்றார். மூச்சு விட்டு விட்டு வந்தது. "நீர் பாத்திருப்பீர். எனக்குத் தெரியும். ஆர் இறங்கினது?"

பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான். வழியில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு கடினமான கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"மனிசிதான் அண்ணை."

"மெய்யே?"

"மெய்தான். என்ரை கண்ணாலை பாத்தனான்."

"என்ன நிறச் சட்டை?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் பொய் என்று பிடித்துவிடுவார் என்று பயந்து, "நீலம்" என்றேன்.

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "இல்லை. பச்சைதான். உமக்குப் படம் சரியாத் தெரியேல்லை. அன்டெனாவைக் கொஞ்சம் திருப்பிப் பாத்திருக்கவேணும்." கொஞ்சம் பொறுத்து, "பரவாயில்லை, அரை மார்க்" என்றார். இரண்டு வருடத்தில் நான் எடுத்த முதல் மார்க் அது. வியாழக்கிழமை காலையில் இறந்துபோனார்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ஸ்ட்ரெதத்தில் தகனம். அது என் டயாலிசிஸ் நாள். கிரேஸ் ஒன்றும் கேட்காமல் என்னைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டாள். போனால் மொத்தமாக ஒன்பது பேர். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த படத்தின் கீழே நீளமாக ஒரு பெயர் எழுதியிருந்தது. வேறு யாரோ ஒருவரின் செத்த வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். நல்ல காலம், படத்தில் டை இருந்தது.

ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, "வாய்க்கரிசி போடுற உரித்துக்காரர் முன்னுக்கு வாங்கோ" என்றார். ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகள் ஒருத்தி, அண்ணையின் சகோதரியின் மகள், எழும்பிப் போனாள். தான் சிறு பிள்ளையாக இருந்தபோது அண்ணையை ஒரு தடவை பார்த்தவளாம். அவளுக்குப் பின்னால் யாரும் எழும்பவில்லை. ஐயர் நிமிர்ந்து பார்த்தார். நான் எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அங்கிள், நீங்க மாமாவுக்கு என்ன முறை?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சகோதரம்," என்றேன்.

அவள் அரிசிக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.