தானாகப் பூட்டிக்கொள்ளும் வாக்குறுதி

கதவு ‘டக்’ என்று சாத்திக்கொண்ட சத்தத்தில் வேட்பாளருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாதி ஆயுளைப் பூட்டுக்கடையில் கழித்தவருக்கு நல்ல பூட்டின் சத்தம் பாட்டு மாதிரி.

“கேட்டீங்களாம்மா? சாத்தினாப் போதும், தானாப் பூட்டிக்கும். நான் கவுன்சிலர் ஆனா வீட்டுக்கு வீடு இந்தப் பூட்டு. எவனாலயும் திறக்க முடியாது!”

‘வெளியே வந்து நின்னு பாருங்கம்மா’ என்று அவரே வற்புறுத்தி வரவழைத்த அந்த வீட்டுப் பெண், மாடிப்படியில் அவர் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் புல்லரிக்கவில்லை.

“சார், சாவி எங்க?”

“உள்ளதாம்மா. கதவுக்குப் பின்னாடி நானே ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன். ரெண்டு சாவியும் ஒரே வளையத்துல. தொலையவே தொலையாது.”

“உள்ள என் குழந்தை தூங்குது சார். அடுப்புல பால் வெச்சிருக்கேன்.”

வேட்பாளர் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார். சிரிப்பை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சொந்த வார்டில் இரண்டு தடவை தோற்றவர் அவர். முகம் தெரியாத இடமாவது காப்பாற்றட்டும் என்றுதான் இந்த வார்டில் நின்றார். ‘இதுலயும் தோத்தா கடைக்கல்லாவை விட்டு நீங்க எழுந்திருக்கக் கூடாது’ என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இந்தத் தெரு கிடைத்தால் ஜெயித்த மாதிரி என்று சொன்னவன் அவள் தம்பி. மைத்துனன்தான் பிரசாரத் தளபதி.

“பூட்டுத் திறக்கிற ஆள் யாரையாவது கூப்பிடுங்க சார்!”

“நான்தாம்மா பூட்டுக்காரன்.”

“அப்ப திறங்க!”

“நான் விக்கிறவன்மா. திறக்கிறது வேற தொழில்.”

“ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருந்தீங்களே?”

“அதுவும் உள்ளதான்.”

அவள் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். குழந்தை விழித்துக் கட்டிலிலிருந்து இறங்கினால் நேராக அடுப்படிக்குத்தான் போகும். நடக்கப் பழகிய வாரத்திலிருந்து அதற்கு அது ஒன்றுதான் ஊர்.

“சிம்லதான் வெச்சேன். ஆனா பொங்கினா அடுப்பு அணைஞ்சுடும். அணைஞ்சா கேஸ் பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும்.” அவள் கதவில் காதை வைத்துக் கேட்டாள். “கதவை உடைச்சிடுங்க சார்.”

வேட்பாளர் கதவைப் பார்த்தார். அதில் மைத்துனன் அப்போதுதான் ஒட்டியிருந்த சுவரொட்டி அவரையே பார்த்துச் சிரித்தது. ‘உறுதியான வீடு, பயமில்லாத தெரு, படுக்காத கடை.’ தன் பூட்டைத் தானே உடைத்தால் பயமில்லாத தெரு என்னாவது? இதை அவர் யோசித்தது ஒரு நொடிதான். அந்த நொடிக்காக அன்று முழுக்க வெட்கப்பட்டார்.

“தள்ளிக்கம்மா!”

தோளால் மோதினார். கதவு அசையவில்லை. மறுபடி மோதினார். தோள் அசைந்தது. ஓடி வந்து மோதலாம் என்று பின்வாங்கியதில் படியில் தடுமாறி, கைப்பிடியைப் பிடித்துத்தான் உருளாமல் தப்பினார். கைப்பிடி மட்டும் பளபளவென்று புது மாதிரி இருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக மட்டமான சரக்கு விற்றிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

“ஜன்னல் இருக்கா?”

“தெருப்பக்கம் இருக்கு சார். இஸ்திரிக் கடைக்கு மேல. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், நாங்க இந்த...”

“குறையெல்லாம் அப்புறம் கேட்டுக்கறேம்மா!” படிகளில் பாய்ந்தார்.

கீழே, கட்டடத்தோடு ஒட்டி ஒரு தகரக் கூரை. அதன் கீழே இஸ்திரிக்காரர் நிதானமாக ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரசார வண்டியில் கொடி கட்டுவதற்கு வைத்திருந்த ஏணியை மைத்துனன் இறக்கினான். கொடி கட்டுகிற ஏணி, ஜன்னலுக்கு எட்டவில்லை.

“கூரை மேல ஏறிக்கலாமாய்யா? தாங்குமா?”

“மிதிங்க சார்,” என்றார் இஸ்திரிக்காரர். “தைரியமா மிதிங்க. உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுது.”

இவ்வளவு நல்ல மனசு உள்ள வாக்காளரை வேட்பாளர் பார்த்ததே இல்லை. ஏறினார்.

மைத்துனனுக்கு ஒரு பழக்கம். கையில் ஒலிபெருக்கி இருந்தால் வாய் சும்மா இருக்காது.

“வாக்காளப் பெருமக்களே! உங்கள் வேட்பாளர் இதோ ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார்! தானே பூட்டிய கதவைத் தானே திறப்பதற்காக...”

“டேய், வாயை மூடுடா!”

“சரி மாமா!” என்ற பதிலும் தெரு முழுக்கக் கேட்டது.

எதிர்ச்சாரி வீடுகளின் மாடிகளில் ஆட்கள் வந்து நிறைந்தார்கள். ஒருத்தர் நாற்காலியே கொண்டுவந்து போட்டார்.

வேட்பாளர் தகரத்தில் இரண்டாவது காலை வைத்தார். கூரை ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்த கணம் அவர் இஸ்திரி மேசையில், தேய்த்து அடுக்கிய துணிகளின் மேல் உட்கார்ந்திருந்தார். சூடான இஸ்திரிப் பெட்டி அவர் தொடைக்கு ஒரு விரல் தள்ளி இருந்தது. ‘படுக்காத கடை’ சுற்றிலும் படுத்துக் கிடந்தது.

“அடிபட்டுச்சா சார்?”

“இல்லய்யா. ஐயோ, துணியெல்லாம்...”

“அது பரவாயில்லை. எல்லாம் எதிர்ச்சாரித் துணி.”

மேலேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. குழந்தை விழித்துவிட்டது.

வேட்பாளர் அதன்பிறகு யாரையும் எதையும் கேட்கவில்லை. மேசையை இழுத்து ஜன்னலுக்கு நேரே போட்டார். ஏணியை அதன்மேல் நிறுத்தினார். இஸ்திரிக்காரர் மேசையைப் பிடித்துக்கொள்ள, மைத்துனன் ஒரு கையால் ஏணியையும் மறு கையால் ஒலிபெருக்கியையும் பிடித்துக்கொண்டான். எதிர் மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

வேட்பாளருக்கு வந்ததே கோபம்!

“என்னய்யா வேடிக்கை? உள்ள ஒரு குழந்தை மாட்டிக்கிட்டிருக்கு, சினிமா பாக்கற மாதிரி பாக்கறீங்க? வெட்கமா இல்லை? போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க!”

தெருக்கோடி வரைக்கும் கேட்காமல் போய்விடுமோ என்று மைத்துனன் அதை ஒலிபெருக்கியில் வரி பிசகாமல் திருப்பிச் சொன்னான்.

ஜன்னலை எட்டிவிட்டார். குறுக்கே இரும்புக் கம்பிகள். உள்ளே கட்டில் காலி. அடுப்படிப் பக்கம் ‘உஸ்’ என்ற சத்தம். அதற்கப்புறம் அந்த வாடை.

“மாமா, என்ன தெரியுது?”

அவர் ஏணியில் காலை அழுத்தி ஊன்றினார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

ஜன்னல் வந்துவிட்டது. கம்பி, சட்டம், கொஞ்சம் சுவர், எல்லாம் சேர்ந்து முழுசாக வந்துவிட்டது. ‘இடிந்து விழும் நிலையில் உள்ள வீடுகள்’ என்று கைப்பிரசுரத்தில் எழுதியபோது, கொஞ்சம் அளக்கிறோமோ என்று அவருக்கு உறுத்தியிருந்தது. இல்லை, அடக்கித்தான் எழுதியிருந்தார்.

சட்டத்தைக் கீழே விட்டுவிட்டு உள்ளே குதித்தார். வேட்டி ஆணியில் கிழிந்தது. ஓடிப்போய் அடுப்பை மூடினார். பொங்கிய பால் தரையெல்லாம் வழிந்து ஆறியிருந்தது. அதன் நடுவில் குழந்தை உட்கார்ந்து, அழுகையை நிறுத்திவிட்டு, பாலைக் கையால் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி, மூக்கில் ஒரு அடி வைத்தது.

அந்த அடியை அவர் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

கதவு உள்ளேயிருந்து ஒரே திருகில் திறந்தது. தாய் குழந்தையைப் பறித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதாள். வேட்பாளரும் எதிர்ப்படியில் உட்கார்ந்தார். அழவில்லை, ஆனால் துண்டு முகத்தைவிட்டு நகர வெகு நேரமாயிற்று.

“அந்தச் சனியனைக் கழட்டிடறேம்மா.”

“வேணாம் சார். பூட்டு நல்ல பூட்டுதான்.” அவள் எழுந்துபோய் ஆணியிலிருந்து சாவி வளையத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “ஆணிதான் தப்பு.”

அன்று பிரசாரம் அங்கேயே நின்றது. வேட்பாளர் தச்சரை வரவழைத்தார். தேக்குச் சட்டத்தில் புது ஜன்னல் வந்தது. கீழே புதுக் கூரை ஏறியது. “ஒரு முழம் முன்னாடி இழுத்துப் போட்டா சாரல் அடிக்காது சார்,” என்றார் இஸ்திரிக்காரர். இழுத்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தன் ஜன்னலும் இதே நிலைமைதான் என்று வருத்தத்தோடு தெரிவித்தார். அதையும் மாற்றினார்கள்.

நடுநடுவே வேட்பாளர் நைசாகக் கேட்டுப் பார்த்தார். “அப்ப, ஓட்டு நமக்குத்தானே?”

“பாக்கலாம் சார்.”

“உங்களை மாதிரி ஒருத்தர் வேணும் சார்.”

“மகராசனா இருங்க.”

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் மட்டும் இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு தடவையும் இஸ்திரிக்காரர் அவளிடம் துணி போட வேண்டியது இருக்கிறதா என்று அவசரமாக விசாரித்தார்.

பொழுது சாய்ந்தது. கிளம்பும்போது வேட்பாளர் மாடிப்படிக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

“இதை யாருய்யா போட்டது? நல்ல வேலை.”

“போன எலக்‌ஷனுக்கு வந்தவர் சார். தங்கமான மனுஷன்,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“ஜெயிச்சாரா?”

“இல்லை சார். பாவம்.”

வேட்பாளர் கைப்பிடியை விட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார். புதுக் கூரையின் கீழே போய் நின்று இஸ்திரிக்காரரின் கண்ணைப் பார்த்தார்.

“இத பாருங்கய்யா. நான் பண்ணினதுக்கு நீங்க என்னைத் திட்டியிருக்கணும். திட்டலை. அதனால கேக்கறேன். பாக்கலாம், செய்யலாம் எல்லாம் வேணாம். இந்தத் தெரு எனக்கு ஓட்டுப் போடுமா, போடாதா?”

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். வேலை முடிந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறந்தார்.

“நேராக் கேட்டீங்க, நேராச் சொல்லிடறேன் சார். வார்டு எல்லை தெரு நடுவுல போகுது, இந்தச் சாரிக்கு உங்க வார்டுல ஓட்டே கிடையாது; உங்க ஓட்டெல்லாம் அதோ, காலைல இருந்து எதிர் மாடியில நின்னு உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கு!”