புராசஸர் மாற்றுவது குறித்து மாப்பிள்ளைக்கு

அனுப்பர்பாளையம்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பூபாலன் அவர்களுக்கு, மாமனார் மகுடேஸ்வரன் எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த இடத்தில் என் கம்ப்யூட்டரைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். அது தப்பு. உங்கள் அப்பா அம்மா முன்னால் வைத்துச் சிரித்தது அதைவிடத் தப்பு. மற்றபடி இங்கே நானும் உங்கள் அத்தை மருதாளும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியம் என்று என் மகள் பாப்பா சொல்லிவிட்டாள், ஆகையால் அதைத் தனியாகக் கேட்கவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நடுவில் மறுபடியும் சிரிப்பீர்கள். காகிதத்துக்குள் புகுந்து சிரிக்க முடியாது.

பதினாலு வருஷமாக வீட்டு முன்னறையில் ஆபீஸ் வைத்து அந்தக் கம்ப்யூட்டரில்தான் மார்க்கர் போடுகிறேன். துணி வீணாகாமல் பனியனின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டுகிற அந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஐம்பத்திரண்டாவது வயதில் ஒவ்வொரு பட்டனாக நானே அமுக்கிப் பார்த்துக் கற்றது. ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது பார்த்தால் பெட்டிமேல் விரற்கடை உயரத்துக்குப் பஞ்சு. வெட்டுகிற மேஜையிலிருந்து பறந்து வருவது. மற்றவர்கள் பிளாஸ்டிக் உறை போடுவார்கள். நாம் என்ன பிளாஸ்டிக் கம்பெனியா வைத்திருக்கிறோம்? அளவெடுத்து ஒரு பனியன் வெட்டிக் கொடுத்தேன், உங்கள் அத்தை தைத்தாள். கழுத்துக்கு ரிப், பின்னால் ஒயர் வர ஒரு கை, முன்னால் சுவிட்சுக்கு ஒரு கை. போட்டு நிறுத்தியதும், "ஏனுங்க, அதுக்கு வேர்க்காதுங்களா?" என்று கேட்டாள். இரும்புக்கு ஏது வேர்வை என்று விளக்கினேன். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. வயசு காரணம்.

அந்தப் பனியனைப் பார்த்துத்தான் நீங்கள், "மாமா, இதுக்கென்னங்க, குளிருதுங்களா?" என்றீர்கள். சிரித்து முடித்துவிட்டு, "இது டூயல் கோருங்க மாமா, புராசஸர் மாத்துனாலும் தேறாது. ஆபீஸைப் பூட்டிப்போட்டுக் கம்முனு எங்ககூட பெங்களூர் வந்து இருங்க" என்று தீர்ப்பும் சொன்னீர்கள். வந்த கோபத்தில், வெள்ளிக்கிழமைக்குள் இதை ஓட வைக்காவிட்டால் அப்படியே வந்துவிடுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். பாப்பா ஊர் போய்ச் சேர்ந்ததும் எனக்கு அறையே ஒழித்துவிட்டாளாம். பதினோராவது மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்வது? மேகத்துக்கு மார்க்கர் போடுவதா?

நீங்கள் கிளம்பியதும் முதல் காரியமாக, அவமானப்பட்ட கம்ப்யூட்டருக்கு இன்டர்லாக் துணியில் கெட்டியாக இன்னொரு பனியன் தைத்து மேலே போட்டேன். அது என்னவோ, திங்கட்கிழமையிலிருந்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே அணைந்துபோனது. நீங்கள் சொன்ன சொல்தான் அதைத் தாக்கிவிட்டது என்று நினைத்து, பனியன் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பெட்டியை மொபெட்டில் நிறுத்தி, பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சலாவுதீன் கடைக்குப் போனேன். அவன், "நாலு கோர் ஒண்ணு இருக்குதுங்ணா, இந்த போர்டு அதுக்கு மேல தாங்காது. போட்டுப் பாருங்க, வேண்டாம்னா சனிக்கிழமைக்குள்ள திருப்பிக் குடுங்க" என்று மாட்டிக்கொடுத்தான். கடையிலே பார்க்கணுமே, என்ன ஓட்டம்! மார்க்கர் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்து நிக்குது. ஊட்டுக்குக் கொண்டுவந்து, பனியன் ரெண்டையும் போட்டு, சாமி கும்பிட்டு ஆன் பண்ணினா கால் மணி நேரத்துல போச்சு. திரும்பக் கடைக்கு. அங்க ஓடுது. திரும்ப ஊட்டுக்கு. போச்சு. மூணாவது தடவை போனபோது சலாவுதீன் என் மூஞ்சியையே பார்த்தான். "ஏனுங்ணா, ஊட்ல அதை என்னதான் பண்றீங்க?" என்றான். "நல்லபடியா வச்சுக்கறன்டா, வேறென்ன பண்ணுவாங்க?" என்றேன்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். கடையில் ஓடுவது வீட்டில் ஓடவில்லை என்றால் குற்றம் வீட்டுக் கரண்டில்தான். பக்கத்துப் பாத்திரப் பட்டறையில் பாலீஷ் மோட்டார் போட்டு அத்தனை கரண்டையும் உறிஞ்சுகிறார்கள். ஆகவே நாலு கோர் புராசஸரையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். இனிமேல் அவரவர் செய்ய வேண்டியது இது: பட்டறைக்காரர் நான் வேலை செய்கிற நேரத்தில் மோட்டாரை நிறுத்த வேண்டியது. ஈ.பி.காரர்கள் வந்து என் லைனைத் தனியாகப் பிரித்துத் தர வேண்டியது. பாப்பா அந்த அறையில் பழையபடி சாமான்களை அடுக்கிவிட வேண்டியது. நீங்கள் அடுத்த முறை வரும்போது, உங்கள் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டே, கம்ப்யூட்டர் முன்னால் நின்று வருத்தம் தெரிவிக்க வேண்டியது.

உங்கள் பதினோராவது மாடிக்கு லிஃப்டும் தண்ணீரும் தடையில்லாமல் ஏறி வர, குழந்தை குட்டிகளோடு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மகுடேஸ்வரன்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். காலையில் உங்கள் அத்தை பனியன் இரண்டும் அழுக்கு என்று துவைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கம்ப்யூட்டர் வெறும் உடம்போடு மத்தியானம் வரை ஒரு தடவைகூட அணையாமல் ஓடியது. பட்டறை மோட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சந்தேகத்துக்கு மத்தியானம் சலாவுதீனை வரவழைத்துப் பழைய டூயல் கோரையே மாட்டச் சொன்னேன். அதுவும் ஓடுகிறது. நாலு கோரை அவனிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். அவன் கொடியில் காய்கிற பனியன்களைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். மரியாதை தெரிந்தவன். உங்கள் அத்தைக்கு அது தெரியவில்லை. "நான் அன்னிக்கே கேட்டனுங்களே" என்று காலையிலிருந்து பதினோரு தடவை சொல்லிவிட்டாள்.

இதனால் நீங்கள் சிரித்தது சரி என்று ஆகிவிடாது. சிரித்தீர்களே தவிர, கழற்றச் சொன்னீர்களா? ஆகவே மேலே எழுதிய வேலைகளில் பட்டறைக்காரருக்கும் ஈ.பி.க்கும் விலக்கு. பாப்பா அறையில் சாமான் அடுக்க வேண்டியது, அதில் மாற்றமில்லை. இன்டர்லாக் பனியனை உங்கள் அளவுக்குப் பிரித்துத் தைக்க வேண்டியது அத்தை. அடுத்த விருந்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வர வேண்டியது நீங்கள். சிரிக்க வேண்டியது நான்.