நாய்ச் சட்டைக் கடையும் இரண்டு நாடுகளும்

முகத்தைக் காட்டினால் அந்த நாட்டில் கடையை மூடுவார்கள். காட்டாவிட்டால் இந்த நாட்டில் மூடுவார்கள். தையல்காரி இரண்டு மின்னஞ்சல்களையும் மறுபடி படித்தாள். தப்பாகப் படிக்கவில்லை.

அவள் தைப்பது நாய்ச் சட்டை. இணையச் சந்தையில் அவளுக்கென்று ஒரு கடைப் பக்கம் உண்டு. இங்கே நாய்க்குச் சட்டை வாங்குவார் இல்லை. எல்லையைத் தாண்டினால் குளிரும் அதிகம், நாய்மேல் பாசமும் அதிகம். அங்கே ஒரு நாய்கள் காப்பகம் குளிர்காலத்துக்காக மொத்தமாகச் சட்டை கேட்டிருந்தது. பாதிக் கட்டில், முழு சோபா, சாப்பாட்டு மேஜையின் ஓரம் எல்லாம் சட்டைகள். கடை தொடங்கியபோது "நாய்க்கா?" என்று சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. இந்த ஆர்டர் போய்ச் சேர்ந்தால் அந்த வாய்களெல்லாம் அடைத்துப்போகும் என்று அவள் காத்திருந்தபோதுதான் இரண்டு நாட்டிலிருந்தும் வந்த அந்த மின்னஞ்சல்கள் தலையில் இடியாக விழுந்தன.

"விக்கிறவங்க முகம் தெரியணும், அப்பத்தான் நம்பிக்கைன்னு நம்ம பக்கம் சட்டம். முகம் சொந்த விஷயம், கடையில போடவே கூடாதுன்னு அந்தப் பக்கம் சட்டம். நடுவுல நான் என்ன செய்ய? முகத்தைக் கழட்டி ஆணியில மாட்டவா?" என்று கணவரிடம் பொரிந்தாள்.

கணவர் பஸ் ஓட்டுநர். "சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிஞ்சா வண்டியை ஓரங்கட்டிடணும்" என்றார்.

"ஓரங்கட்டிட்டா இந்தச் சட்டையெல்லாம் நீங்களா போட்டுக்குவீங்க?"

அவர் காபியைக் குடிக்கப் போய்விட்டார்.

நாத்தனார் வந்தாள். இணையத்தில் அவளுக்குத் தெரியாதது இல்லை என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஒப்புக்கொள்ள வைத்தவளும் அவளேதான்.

"அண்ணி, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பாதி முகம் போடுங்க. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

ஒரு நாய்ச் சட்டையால் பாதி முகத்தை மறைத்துப் படம் போட்டார்கள். 'பாதி முகம் முகமாகாது' என்றது இந்த நாடு. 'பாதியானாலும் முகம் முகமே' என்றது அந்த நாடு. பணம் வருவது நின்றது.

"அப்போ திரும்பி நில்லுங்க அண்ணி."

முதுகைக் காட்டி நின்றாள். 'விற்பவர் ஒத்துழைக்க மறுக்கிறார்' என்றது இந்த நாடு. 'பின்னங்கழுத்தில் மச்சம் தெரிகிறது. இவர் யாரென்று கண்டுபிடித்துவிடலாம்' என்றது அந்த நாடு. பார்சல் போவதும் நின்றது.

"நாய் படத்தையே போட்டுடலாம். அதுக்கு எவன் சட்டம் போட்டிருக்கப் போறான்?"

போட்டிருந்தார்கள். 'விற்பவர் மனிதர்தான் என்பதை நிரூபிக்கவும்' என்றது இங்கிருந்து வந்த கடிதம். 'நாயின் உரிமையாளர் சம்மதம் தந்தாரா?' என்றது அங்கிருந்து வந்தது. கடைக்கு இரண்டு பக்கமும் பூட்டு விழுந்தது.

தையல்காரி பார்த்த பார்வையில் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேடினாள்.

தையல்காரி இந்த நாட்டு உதவி எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள். "அது அவங்க சட்டம் அக்கா. நாங்க தலையிட முடியாது."

"என் கடையில மட்டும் நல்லா தலையிடுறீங்களே!"

அந்தப் பெண் நல்லவள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து இணையக் கொள்கைக் கூட்டுக் குழுன்னு ஒண்ணு இருக்கு. வருஷக்கணக்கா கூடிப் பேசுறாங்க. அங்க பேச உங்களுக்கு நேரம் வாங்கித் தர்றேன்."

"இத்தனை வருஷமா என்ன முடிவு பண்ணாங்க?"

"அடுத்து எங்க கூடுறதுன்னு பேசிட்டிருக்காங்க."

குறித்த நாளில் கைப்பேசியைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். திரையில் ஒரே மேஜையில் குழுவின் இரண்டு தலைவர்கள்.

"கேமராவைப் போடுங்கம்மா" என்றார் இந்த நாட்டுக்காரர்.

"தயவுசெய்து போடாதீங்க" என்றார் அந்த நாட்டுக்காரர்.

அவ்வளவுதான், அவளுக்கு வந்ததே ஆத்திரம்! "ஐயா, உங்களுக்குள்ள ஒத்து வரலேன்னா நீங்க சண்டை போட்டுக்கங்க. அதுக்கு என் மூஞ்சிதானா கிடைச்சது? பெரிய பெரிய கம்பெனிக்காரன் யாருன்னே தெரியாம ரெண்டு நாட்டுலயும் அள்ளிக்கிட்டுப் போறான். அவனைக் கேக்க வாய் வரல. நாலு சட்டை தைச்சு விக்கிற என்கிட்ட வந்து மச்சத்தை எண்ணுறீங்க! குளிர்ல நடுங்குற நாய்க்கு உங்க சட்டம் புரியுமா? இத்தனை பேர் சம்பளம் வாங்குறீங்களே, ரெண்டு நாடும் உட்கார்ந்து எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்க. ஒரே பதில்!"

இரண்டு தலைவர்களும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் ஏதோ குறித்துக்கொண்டார்கள். கணவர் அடுக்களை வாசலில் நின்று கைதட்டினார்.

மறுநாளே உதவி எண் பெண் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அக்கா, சாதிச்சுட்டீங்க! ரெண்டு நாடும் ஒருமனதா எடுத்த முதல் முடிவே உங்க கடை விஷயம்தான். தலைவருங்க கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம்!"

தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் சொல்லாமலே சோபாவிலிருந்த சட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். நாத்தனாரோ, யோசனை தன்னுடையதுதான் என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நன்றிம்மா. கடை எப்பத் திறக்கும்?"

"திறக்கிறதா?" அந்தப் பெண் உண்மையிலேயே குழம்பிப்போனாள். "இல்லக்கா, இதுவரைக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்லித்தானே மூடியிருந்தாங்க? இனிமே ரெண்டு நாடும் ஒரே காரணத்துக்காக மூடுது."